குண்டசாலை மன்னரும் கடல் கடந்து வந்த இசை ஆசானும்

கண்டிப் பெரஹரா ஊர்வலத்தை வீதியோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அது புறப்படுவதற்கு முன் உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். வாருங்கள், இன்று பின்வாசல் வழியாகப் போவோம்!

முதலில் கண்ணில் படுவது கண்டி நடனத்தின் வெஸ் ஆட்டக்காரர்கள். ஒருவர் அசையாமல் நிற்க, இன்னொருவர் அவருக்குத் தலையணி கட்டிக்கொண்டிருப்பார். வெள்ளித் தகடுகள் நெற்றிக்கு மேல் எழும்பி நிற்கும். மார்பில் மணிவலை, தோளில் தகடு, காலில் சிலம்பு. மொத்தம் 64 அணிகள் என்பது மரபுக் கணக்கு. இந்தத் தலையணியை நினைத்தவுடன் எடுத்துச் சூடிவிட முடியாது. பல வருடம் பயின்ற பிறகு, நல்ல நேரம் பார்த்து, குருவே முதன்முதலில் கட்டிவிட வேண்டும். அந்தச் சடங்கு முடிந்தால்தான் அவர் வெஸ் ஆட்டக்காரர்.

பக்கத்தில் மேளகாரர்கள் ‘கெட்ட பெர’ என்னும் மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு விரல்களைச் சூடாக்குகிறார்கள். கொஞ்சம் காதைக் கொடுங்கள். அடிப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பார்க்கிறார்கள்: தத், ஜித், தொங், நங். மிருதங்கம் படிக்கிற பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் முதல் பாடத்தைக் கேளுங்கள்: தா, தீ, தொம், நம்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த மேளத்துக்கும் நம் மேளத்துக்கும் நடுவே எப்போதோ யாரோ ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ ஒருவரைப் பற்றிக் கண்டியில் வழிவழியாக ஒரு கதை இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே அழைத்து வந்தேன்!

1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்டவர் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்க. கண்டியின் கடைசிச் சிங்கள மன்னர். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையை இரண்டு மாடியாகக் கட்டியவர். ஆனால் அவர் மனம் விரும்பித் தங்கியது மகாவலிக் கரையில் இருந்த குண்டசாலை அரண்மனையில். அதனால் மக்கள் வாயில் அவர் குண்டசாலை மன்னர். அவருடைய அரசியர் மதுரையிலிருந்து வந்தவர்கள். அவருக்குப் பின் அரியணை ஏறியவர் அந்த அரசியரில் ஒருவரின் சகோதரர்; அதிலிருந்து 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர்கள். நகரத்து மலபார் வீதி, அந்த நாயக்க உறவினர் குடியிருந்த தெரு.

இப்படிப்பட்ட அரண்மனைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஓர் இசை ஆசான் வந்து சேர்கிறார். அவருடைய துணையோடு கணிதாலங்கார என்ற புலவர் 18 வண்ணங்களை இயற்றினார் என்பது மரபு. வண்ணம் என்றால் பாட்டும் மேளமும் ஆட்டமும் ஒன்றாகப் பிணைந்த உருப்படி. கண்டி நடனம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இன்றும் கற்பது இவற்றைத்தான்.

அந்த அறையில் ஒரே ஒரு பொழுது இருக்கக் கிடைத்தால்! புலவர் சிங்களத்தில் ஒரு வரி சொல்கிறார், ஆசான் தாளம் போட்டு அதை மெட்டில் உட்கார வைக்கிறார், யானை நடைக்கு இந்த வேகம் போதுமா, குதிரைக்கு இன்னும் கொஞ்சம் முடுக்கலாமா என்று இருவரும் வாதாடுகிறார்கள், மன்னர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இது என் கற்பனைதான். ஆனால் வண்ணங்களைப் பார்க்கப் பார்க்க இந்தக் காட்சி தானாகவே விரிகிறது. கஜகா வண்ணத்தில் ஐராவதம் அசைந்து வருகிறது. துரங்கா வண்ணத்தில் சித்தார்த்தரின் குதிரை பாய்கிறது. நையடியில் பாம்பு நெளிகிறது. சேவலுக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, அனுமனுக்கு ஒன்று. மயூரா வண்ணத்து மயில் நம் கந்தனின் வாகனமேதான். கணபதி வண்ணமும் இருக்கிறது! தலதா மாளிகை வீதியில் நம் பிள்ளையார் ஆட்டமாக எழுந்தருளுகிறார் என்பதைக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்வருகிற எத்தனை பேர் கவனித்திருப்போம்?

வண்ணம் தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். முதலில் பாட்டு வராது. தானம் தெனா என்று பொருளில்லாத அசைகளிலேயே மெட்டு முழுவதையும் பாடிக் காட்டுவார்கள். பிறகுதான் கவி, அதன்பின் கால்வேலை, கடைசியில் அடவு. திருப்புகழைச் சந்தத்தோடு ஓதிப் பழகிய காது அந்த முதல் தானத்திலேயே நிமிர்ந்துவிடும்.

அரசவையில் பாடகர்களுக்குக் கவிகார மடுவ என்று தனிப் பிரிவே இருந்தது. ஆட்டக்காரர், மேளகாரர் குடும்பங்களுக்குச் சம்பளம் நிலமாகவே கிடைத்தது. நிலத்தை அனுபவிப்பவர் கோவிலுக்கு ஆடவோ அடிக்கவோ வேண்டும். இந்த ஏற்பாடுதான் பெரிய விஷயம் என்பேன். மன்னராட்சி போனாலும் வண்ணம் போகவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருந்தது. வந்த ஆசானை வாயார வாழ்த்திப் பொன்முடிப்புக் கொடுத்து அனுப்பியிருந்தால் அது ஒரு நாள் விருந்தோடு முடிந்திருக்கும். அவருடைய மெட்டைப் பாடவும் ஆடவும் இங்கே ஆளும் நிலமும் காத்திருந்தன.

நீங்களும் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன். ரந்தோலி எனப்படும் பெரஹராவின் பிந்திய இரவுகளில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அவற்றுக்கு முந்திய ஐந்து கும்பல் பெரஹரா இரவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வந்து, ஆட்டக்காரர்கள் கூடுகிற பக்கமாக நில்லுங்கள். அந்த நாள்களில் வர முடியாவிட்டால், வாவிக்கரைப் பக்க மண்டபங்களில் மாலை நேர நடன நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முன்வரிசையில் இடம் பிடியுங்கள். மிருதங்கம் படிக்கிற பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள். மேளகாரர் வாய்ச்சொல் சொல்லத் தொடங்கியதும் பிள்ளையின் விரல்கள் தொடையில் தாளம் போடும்!