அதே கோளாறா, வேறு கோளாறா?

மார்கழி பிறந்துவிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் மதுராந்தகம் ஏரியும் சுற்றியுள்ள சிற்றேரிகளும் ததும்பி நிற்கும். ஒருபக்கம் சம்பா அறுவடை நெருங்கும், மறுபக்கம் நவரைக்குச் சேறடிக்க வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாருக்கும் அதே பதினைந்து இருபது நாளில்தான் வண்டி தேவை. அந்த நேரம் பார்த்து வயல் நடுவில் வண்டி நின்றுபோனால், மெக்கானிக் கையில் கொடுக்கிற காசோடு நஷ்டம் முடிவதில்லை. சொல்லி வைத்த நடவு ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றும். பாய்ச்சிய தண்ணீர் வற்றும். அன்று ராத்திரி வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: "இந்தச் சனியனைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துடலாம்."

அப்படி எடுத்த முடிவு அடுத்த பல ஆண்டுகளுக்குத் தவணையாகத் தொடர்கிறது. பெரும்பாலும் நிலப் பத்திரமும் வங்கியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் வட்டாரங்களில் ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவர்கள் இப்படிக் கடனாளியாவதைப் பார்க்கும்போது, விற்ற பழைய வண்டிக்கு உண்மையில் என்னதான் ஆகியிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மதுராந்தகத்துக்கும் படாளத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. முப்பத்தைந்து குதிரைத் திறன் கொண்ட பழைய வண்டி ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். "மூணு தபா பாத்தாச்சு தம்பி. அரை மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் நின்னுடுது. கொஞ்ச நேரம் வுட்டா மறுபடி ஸ்டார்ட் ஆவுது. வித்துடலாம்னு பையன் சொல்றான்."

"இருங்கண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை அதன்மேல் பிடித்தார். பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்த வண்டியாக இருந்தால் அந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று கையைத் தள்ளும். இங்கே லேசான ஆவிதான் வந்தது. வண்டியை நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு. பால் கலந்த காபி நிறம் இல்லை. அந்த நிறம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக்கே விரிசல் விட்டிருக்கலாம். கடைசியாக டீசல் டேங்க் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். அடியில் துருவும் மண்ணும் சேர்ந்து பழுப்புக் களிம்பாகப் படிந்து கிடந்தது.

வண்டி குலுங்கக் குலுங்க அந்தக் களிம்பு கிளம்பி, டீசல் இறங்கும் வாயை அடைக்கும். வண்டி நின்றதும் மெல்ல அடியில் படியும். மறுபடி ஸ்டார்ட் ஆகும். மூன்று முறையும் ஃபில்டரை மாற்றியிருக்கிறார்கள், நாசில் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஏர் எடுத்திருக்கிறார்கள். டேங்குக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டேங்கை இறக்கிக் கழுவி, டீசல் குழாயையும் ஃபில்டரையும் புதிதாக மாட்டி, ஏர் எடுத்ததும் அன்று மாலையே வண்டி வீடு திரும்பியது. அதற்குப் பதிலாகப் பல லட்ச ரூபாய்க் கடனுக்கு அவர் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது!

ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், பழுது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்த வண்டியை விற்க அவசரப்படக் கூடாது. ஒருமுறை கிளட்ச், அடுத்த மாதம் ஹைட்ராலிக் லிப்ட், அதற்கடுத்து கியர் நழுவல், பிறகு ரேடியேட்டர் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் முறிந்தால் வண்டி முழுவதுமாகத் தேய்ந்துவிட்டது. அதற்கு எத்தனை செலவு செய்தாலும் அடுத்த முறிவு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. அதே கோளாறில் மூன்று முறை நின்ற வண்டிதான் ஆத்திரத்தில் முதலில் விலை போகிறது. வேறு வேறு கோளாறு வருகிற வண்டியை, "இத்தோட சரியாயிடும்" என்று ஒவ்வொரு முறையும் நம்பிச் செலவழிக்கிறார்கள். ஆகவே நோட்டு ஒன்று போட வேண்டும். தேதி, என்ன கோளாறு, என்ன மாற்றினோம், எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாள் நின்றது. ஒரு வருடக் கணக்கைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த நோட்டைப் படிக்கும்போது இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், பெல்ட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. சேற்றுழவு இவற்றைச் சீக்கிரமே தின்றுவிடும். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கினால் சகதித் தண்ணீர் அச்சு சீலைத் தேடிப் போகும், கிளட்ச் ஓயாமல் மிதிபடும். புது வண்டி வாங்கினாலும் இந்தச் செலவு வரத்தான் செய்யும். அதைப் பழைய வண்டியின் குற்றக் கணக்கில் எழுதக் கூடாது. குற்றக் கணக்கில் எழுத வேண்டியவை வேறு: இன்ஜின் பிளாக் விரிசல், கியர் பாக்ஸ் கூடு உடைவது, கிரவுன் பினியன் பல் போவது, ஏற்கெனவே பலமுறை கிரைண்டிங் பார்த்து இனிச் சுரண்ட இடமில்லாத கிராங்க் ஷாஃப்ட். இவற்றில் இரண்டு ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவதே மேல். பிரேக் பிடிக்காத வண்டியை மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றே சரிசெய்ய வேண்டும். வரப்பிலும் ஏரிக்கரையிலும் டிராக்டர் குடைசாய்ந்தால் ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து.

இனி பணக் கணக்கு. வேளாண் பொறியியல் பாடங்களில் டிராக்டரின் ஆயுளை வழக்கமாக 10 ஆண்டு அல்லது 10,000 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓட வேண்டும். நம் ஊரில் சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர் வண்டி எவ்வளவு ஓடும்? ஐந்து ஏக்கர், இரண்டு போகம், ஏக்கருக்குப் போகத்துக்கு ஐந்து மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 50 மணி நேரம்தான். அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டி 200 மணி நேரமாக்குகிறார் என்றே கொள்வோம். புது வண்டி விலையை உதாரணத்துக்கு 7 லட்சம் என்று வைத்தால், பத்தாண்டில் பத்து சதவீத மதிப்பு மிஞ்சும் என்ற கணக்கில் ஆண்டுத் தேய்மானம் 63,000 ரூபாய். சராசரி முதலீட்டுக்குப் பத்து சதவீத வட்டி 38,500. இரண்டும் சேர்ந்து 1,01,500 ரூபாய். 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய்க்கு மேல். டீசல் ஊற்றவில்லை, ஓட்டுநருக்குக் கூலி கொடுக்கவில்லை, ஆயில் மாற்றவில்லை. வண்டி சொந்தம் என்பதற்கு மட்டுமே இந்தச் செலவு. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை அண்மை ஆண்டுகளில் டிராக்டருக்கு வாங்கும் வாடகையே மணிக்கு 500 ரூபாய்தான். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓட்டுகிற வாடகை வண்டிக்காரருக்கு இதே செலவு மணிக்கு நூறு ரூபாயாக இறங்கிவிடும். புது வண்டி அவருக்குக் கட்டுப்படியாகும். ஐந்து ஏக்கர்காரருக்கு ஆகாது.

பழைய வண்டிக்கு முழு இன்ஜின் வேலை 80,000 ரூபாய் ஆகிறது, அதன்பின் நான்கு ஆண்டு ஓடுகிறது என்றால் ஆண்டுக்கு 20,000. வண்டி நின்ற நாட்களில் வாடகை வண்டி பிடித்த செலவையும் மறைக்காமல் இதில் சேர்த்து எழுதுங்கள். சேர்த்தாலும் ஒரு லட்சத்தை எட்டுவது கடினம். லைனர், பிஸ்டன் மாற்ற வேண்டும் என்ற செய்தியைக் கேட்டதுமே பலர் இடிந்துபோகிறார்கள். டீசல் இன்ஜினில் அது எதிர்பார்க்க வேண்டிய வேலை. அதற்கென்றுதான் லைனரைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள்.

இப்படிக் கழற்றி மாட்ட முடிவதுதான் பழைய வண்டிகளின் பலம். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸே பெர்குசன் 1035 இன்றும் நம் வயல்களில் சேறடிக்கிறது என்றால், அதன் உதிரிபாகம் எங்கும் கிடைப்பதும், எந்தப் பட்டறையிலும் அதன் உள்ளும் புறமும் தெரிந்திருப்பதும்தான் காரணம். புதிதாக வாங்குகிறவர்கள் 50 குதிரைத் திறன் என்ற எல்லையைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதை நிறைவேற்ற மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்தும் இன்ஜின்கள் வந்தன. புகை குறைவது நல்லது, வரவேற்க வேண்டியது. ஆனால் அந்த இன்ஜினில் சென்சார் போனால் தகரக் கொட்டகைப் பட்டறையில் ஸ்பானர் மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. கம்பெனி ஆள் கம்ப்யூட்டரோடு வர வேண்டும். நவரைச் சேறடிப்பு நடக்கும் வாரத்தில் அவர் எத்தனை ஊருக்குப் போவார்?

அமெரிக்க விவசாயிகளுக்கும் இதே சண்டைதான். பழுது பார்க்கத் தேவையான மென்பொருளைத் தன் முகவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது என்று ஜான் டீர் நிறுவனத்தின்மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது, கார், செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வேளாண் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. சட்டமாக அது உறுதிப்பட வேண்டும். செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிற ஆராய்ச்சி மையம் ஜப்பானியப் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஓஜா டிராக்டர்கள் 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அறிமுகமாயின. உலகத்துக்கு டிராக்டர் வடிவமைக்கும் மாவட்டம் இது. அதே ஜி.எஸ்.டி. சாலையின் பட்டறைக்காரருக்கும் புது வண்டியின் உள்விவரம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாக கல்பாக்கம் வரை, வயர் முனையிலும் பேட்டரி கிளாம்பிலும் பச்சை பூத்து, செல்ஃப் ஒருநாள் எடுக்கும், ஒருநாள் எடுக்காது. சோலினாய்டு, செல்ஃப் மோட்டார், பேட்டரி என்று வரிசையாக மாற்றிப் பணத்தை விரயமாக்குவதற்கு முன் எர்த் வயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் புல்தரை வெட்டும், ஏறி ஓட்டும் பெட்ரோல் வண்டிகளுக்கும் இதே கதைதான். அவற்றுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். புல் வளராத கோடையில் டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுப்போகும். பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவதற்குச் செலவே இல்லை. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகிற வண்டியாக இருந்தால் மட்டும், மாற்றிவிடலாமா என்ற யோசனையை முன்கூட்டியே தொடங்கலாம்.

வரி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதைக் காட்டி, வாங்க இதுவே நேரம் என்கிறார்கள். அதே நாளில் டிராக்டர் டயர், டியூப், பல உதிரிபாகங்களின் வரி 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது. சதவீதக் கணக்கில் கூடுதல் சலுகை பழுது பார்ப்பவருக்குத்தான். பில் கேட்டு வாங்குங்கள். போலி ஸ்பேரையும் அதுதான் தடுக்கும்.

என் தீர்ப்பு இது. ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவர், பிளாக்கும் கியர் பாக்ஸும் உறுதியாக இருக்கும்வரை பழைய வண்டியையே செப்பனிட்டு ஓட்டலாம். அது முடிந்துபோனால் அடுத்த வண்டியைக் கடனில் எடுக்காமல், உழவன் செயலி வழியாகவோ ஊர் வண்டிக்காரரிடமோ வாடகைக்குப் பிடிப்பது நல்லது. சேற்றுழவுக்கு மட்டும் போதுமென்றால் மானியத்தில் பவர் டில்லர் வாங்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரப் பராமரிப்பு முகாம்களை மாவட்டத் தலைநகரில் நடத்துவதோடு நில்லாமல், கார்த்திகை மாதமே சித்தாமூர், பவுஞ்சூர், அச்சிறுபாக்கம் என்று ஊர் ஊராக நடத்துங்கள். சேறடிப்பு தொடங்கிய பிறகு வருகிற முகாமுக்கு வண்டியை ஓட்டிவர ஒரு விவசாயிக்கும் நேரம் இருக்காது.