குலேப்ரா மலைவெட்டு

அட்லாண்டிக், பசிபிக் என்னும் இரு மகா சமுத்திரங்களுக்கு இடையே கிடக்கும் பனாமா பூசந்தியில் கப்பற்கால்வாய் அமைக்க முற்பட்டவர்களுக்கு எல்லாவற்றினும் பெருந்தடையாக நின்றது, கம்போவாவுக்கும் பெத்ரோ மிகேலுக்கும் இடையே 13 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்த குலேப்ரா மலைப் பிரதேசமாகும். மலைத்தொடரில் தாழ்ந்த இடம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கணவாயே கடல்மட்டத்திற்கு மேல் 64 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதை 12 மீட்டர் மட்டத்திற்கு இறக்கியாக வேண்டும்.

சூயஸ் கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரர் பெர்தினாந்து தெ லெஸ்ஸெப்ஸின் தலைமையில் 1881இல் ஆரம்பமான பிரயத்தனம், மலைச்சரிவாலும் கொடிய ஜுரங்களாலும் பணமுடையாலும் நலிந்து 1889இல் முறிந்தது. 1904இல் அமெரிக்கர் அதனை மேற்கொண்டனர். மறு ஆண்டு பிரதம இஞ்சினீயராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ் ரயில்பாதைகள் அமைப்பதில் தேர்ந்தவராதலின், தோண்டுவதைவிடத் தோண்டிய மண்ணை அகற்றுவதே கடினமான காரியம் என்பதை உடனே உணர்ந்தார். ஒரே வாரலில் ஏறக்குறைய 8 டன் அள்ளவல்ல நீராவி யந்திரமும், மண்ணை ஏற்றிச் செல்ல வண்டி வராவிட்டால் வீணே நிற்க வேண்டியதுதானே! ஆகவே மலைச்சரிவில் படிப்படியாகத் தண்டவாளங்கள் இடப்பட்டன. பள்ளம் ஆழமாக ஆழமாக அவையும் இடம் மாற்றப்பட்டன. மண்ணேற்றிய ரயில் கொட்டுமிடத்தை அடைந்ததும், அதன் தட்டையான வண்டிகளின்மேல் பெரியதோர் இரும்புக் கலப்பையைக் கம்பிவடத்தால் இழுத்து, வரிசை முழுவதிலும் இருந்த மண்ணைச் சில நிமிஷங்களில் பக்கவாட்டில் தள்ளிவிட்டனர்.

எனினும், ஆழம் மிகுந்தோறும் மலையே எதிர்த்தது. மழைநீர் ஊறிய களிமண், அடியிலுள்ள வழவழப்பான பாறைமீது வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது; 1907இல் குகராச்சா என்னுமிடத்தில் நேர்ந்தது அத்தகைய சரிவே. வேறு சிலவிடங்களில், இருபுறத்து மலைச்சுவர்களின் பாரம் தாங்காமல் அடியிலிருந்த மெல்லிய பாறை நசுங்கவே, பிசைந்த மாவை அழுத்தினால் ஓரத்தில் பிதுங்குவது போலப் பள்ளத்தின் தரையே மேலெழுந்தது. உச்சியின் பாரத்தைக் குறைத்துச் சரிவைச் சாய்வாக்குவதே இதற்கு உபாயம் என்று கண்டு, மேலும் மேலும் அகலமாக வெட்டினர். அமெரிக்கர் இங்கு அகற்றிய மண்ணும் பாறையும் சுமார் 7 கோடியே 60 லட்சம் கனமீட்டர்.

பார்படாஸ் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து வந்த எண்ணற்ற தொழிலாளர்கள் வெயிலிலும் மழையிலும், டைனமைட்டின் அபாயத்திலும் உழைத்ததன் பயனாக, 1913 மே மாதத்தில், எதிரெதிர்த் திசைகளிலிருந்து தோண்டி வந்த இரு யந்திரங்கள் பள்ளத்தின் அடியில் சந்தித்தன. 1914 ஆகஸ்டு 15இல் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பெருஞ்சரிவு ஒன்று அதனை ஏறக்குறைய ஏழு மாதம் அடைத்துவிட, அதையும் அள்ளி வழி திறந்தனர். யந்திர பலம் எவ்வளவு பெரிதாயினும், மண்ணின் சுபாவத்தை அறிந்து அதற்கிசையச் செயலாற்றும் பொறுமையே இத்தகைய மகத்தான காரியங்களை நிறைவேற்றும் என்பதற்குக் குலேப்ரா சிறந்த சான்றாகும்.