அனுமதி மறுக்கப்படுவது யாருக்கு?

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கப் போய் ‘அனுமதி இல்லை’ என்ற வரி வந்தால், பலரும் சந்தேகப்படுவது அந்தக் கோப்பைத்தான். உடனே ‘சிஎச்மாட் 777’ என்று அடித்து, எல்லோருக்கும் எல்லா உரிமையையும் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் கேட்கவேண்டியது வேறு: கோப்பைத் திறக்க முயலும் நிரல் யாருடைய கணக்கில் ஓடுகிறது? 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் மரபில், ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு பயனர் எண்ணையும் சில குழு எண்களையும் சுமந்துகொண்டிருக்கிறது. கோப்பிலோ உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என ஒன்பது உரிமைக் குறிகள். இயங்குதளத்தின் கருவான கர்னல் இந்த மூன்று தரப்பையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளர் என்றால் உங்களுக்குரிய மூன்று குறிகளோடு விசாரணை முடிந்தது. ஆகவே, ஊருக்கே திறந்திருக்கும் கோப்பு அதன் சொந்தக்காரருக்கு மட்டும் மூடிக்கிடக்க முடியும். நிர்வாகியின் ரூட் கணக்குக்குத்தான் இதில் விலக்கு.

குழுவில்தான் குழப்பம் அதிகம். ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்த பின்னும் கோப்பு திறக்கவில்லையா? குழுப் பட்டியல் உள்நுழையும்போதே நிரலோடு ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய பட்டியலோடுதான் ஓடும். ‘ஐடி’ கட்டளையைத் தனியாக அடித்தால் இப்போது கையிலுள்ள குழுக்கள் தெரியும். பயனர் பெயரோடு அடித்தால் பதிவேட்டில் உள்ளவை தெரியும். இரண்டும் வேறுபட்டால், வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இன்னொன்று: ‘யூசர்மாட்’ கட்டளையில் குழுவைக் குறிக்கும் பெரிய ‘ஜி’யோடு சிறிய ‘ஏ’யைச் சேர்க்க மறந்தால், புதிய குழு சேரும், பழைய துணைக் குழுக்கள் எல்லாம் போய்விடும். நிர்வாகி வேலைகளைச் செய்யவிடும் சூடோ உரிமையே அதில் பறிபோகலாம்.

777 போட்டால் வேலை நடந்துவிடுகிறதே, சொந்தக் கணினிதானே என்று கேட்கலாம். எப்போதும் நடப்பதில்லை. கோப்புக்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடந்துசெல்லும் உரிமை வேண்டும். மேலே ஒன்று அடைத்திருந்தாலும் கீழே எவ்வளவு திறந்தும் பயனில்லை. எந்தப் படியில் அடைப்பு என்பதை ‘நேம்ஐ’ கட்டளை படிப்படியாகக் காட்டிவிடும். சொந்தக் கணினியிலும் வலை சேவையகம், தரவுத்தளம் போன்றவை தனித்தனிக் கணக்குகளில் ஓடுவது வழக்கம். அவற்றில் ஒன்றை வெளியாள் வசப்படுத்தினால், 777 கொடுத்த கோப்பையும் அவர் மாற்றி எழுதலாம். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இதில் கறாரானது. உங்கள் அந்தரங்கச் சாவிக் கோப்பைப் பிறர் படிக்க முடியும் என்று கண்டால் அந்தச் சாவியை அது ஏற்பதில்லை; 600 போல, உங்களுக்கு மட்டும் என்று இறுக்கிய பிறகே ஏற்கும்.