எழுத்து எண்ணாகும் வகை

தமிழ் எழுத்துகள் எத்தனை என்று தொடக்கப்பள்ளி மாணவனைக் கேட்டால் 247 என்று தயங்காது விடை தருவான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கூட்டியும் காட்டுவான். அதே வினாவைக் கணினியிடம் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. உலகக் கணினிகள் இன்று பொதுவாக மேற்கொண்டுள்ள ஒருங்குறி அட்டவணையில் தமிழுக்கென ஒதுக்கிய இடங்கள் 128. அவற்றுள் நிரம்பியவை 72. இந்த எழுபத்திரண்டிலும் தமிழ் எண்கள், நாள் திங்கள் ஆண்டு முதலியவற்றுக்குரிய அடையாளங்கள், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவன ஐம்பதுக்குள் அடங்கிவிடும். இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை ஐம்பதுக்குள் அடக்கியது எங்ஙனம்? அவ்வாறு அடக்கியதால் விளைந்த நன்மை யாது, தீமை யாது? செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வகுப்பறை வாயிலில் வந்து நிற்கும் இந்நாளில் இவ்வினாக்களைத் தமிழாசிரியர்கள் கணினி வல்லுநர்க்கே விட்டுவிடுதல் இயலாது.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஆதலின் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. அவ்வெண்ணைப் பொறி தன்னுள் வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது எழுத்துரு என்னும் ஆடையை அதற்கு அணிவிக்கும். க என்பதற்குரிய எண் 2965. தகரம் 2980, மகரம் 2990, ழகரம் 2996. இகரக் குறியாகிய மேல்விலங்குக்குத் தனியே 3007, புள்ளிக்கு 3021. 'தமிழ்' என்னும் சொல்லில் மாணவன் காண்பவை மூன்றெழுத்து. பொறி காண்பவை 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். இச்சொல்லில் எழுத்தெத்தனை என்று கணினிமொழிகள் பலவற்றில் வினவினால் ஐந்து என்றே விடை வருவதன் காரணம் இதுவே.

எண் வேறு, ஆடை வேறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதனை ஏற்றன. அதற்கு முன் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பெற்ற னை, லை, ளை ஆகியவற்றை முதியோர் இன்றும் மறந்திலர். ஒருங்குறியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் அதே கட்டுரை பழைய கோலத்தில் தோன்றும். சீர்திருத்தப் பூசல் எத்துணை எளிதாகப் பொறியுள் அடங்கிவிட்டது பாருங்கள்!

சிங்கப்பூர் கண்ட தொடக்கம்

ஒருங்குறி பரவுமுன் இருந்த நிலை இரங்கத்தக்கது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை வழங்கினர். ஒருவர் எழுதியனுப்பிய மடலை மற்றொருவர் திறந்தால் எழுத்துக் குவியலன்றி வேறொன்றும் தோன்றாது. அனுப்பியவரின் எழுத்துருவையே வாங்கிப் பொருத்தினாலன்றிப் படிக்க வழியில்லை. இக்குழப்பத்துக்கு முடிவு காணும் முயற்சியில் இவ்வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் மென்பொருள் வீடுதோறும் தமிழ்த் தட்டச்சைக் கொண்டுசேர்த்தது. 1997ஆம் ஆண்டு மே திங்களில் சிங்கப்பூரில் கூடிய மாநாடு பல நாட்டு வல்லுநரையும் முதன்முதலாக ஓரிடத்தில் அமர்த்திப் பொதுக் குறியேற்றம் பற்றிப் பேசவைத்தது. அடுத்து 1999இல் சென்னை மாநாடு நிகழ்ந்தது. தமிழுக்கு மட்டும் ஒன்று, தமிழும் ஆங்கிலமும் கலந்தெழுத ஒன்று என இரு குறியேற்றங்களும், தமிழ் 99 என்னும் விசைப்பலகையும் அதன் பயனாக வந்தன. கோவிந்தசாமி அதே ஆண்டில் மறைந்தார். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் சிங்கப்பூரில் தோன்றியது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் மேலைநாட்டில் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே வெளிவந்துவிட்டது. அதன் இந்திய மொழிப் பகுதி, இந்திய நாட்டில் 1988இல் வகுக்கப்பட்ட பொது அட்டவணை ஒன்றை அடியொற்றியது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அவ்வட்டவணையின் நோக்கம். ஆதலின் தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கு எண் 2965; அடுத்த ஙகரத்துக்கு 2969. இடையே உள்ள மூன்று இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வடமொழியின் ககர வருக்கத்தில் ஏனை மூன்று எழுத்துகள் அமரவேண்டிய இருக்கைகள் அவை. வராத விருந்தினர்க்கு இட்ட இலைகள் என்க.

இலக்கணம் கற்றோரை இதனினும் வருத்தியது வேறொன்று. இலக்கணப்படி க் என்னும் மெய் முதலில் உண்டு. அதன்மேல் அகரம் ஏறக் க என்னும் உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ க முதலில் நிற்கிறது. அதன் தலையில் புள்ளி ஏற, க் பிறக்கிறது. தாய் மகளாகவும் மகள் தாயாகவும் மாறிய கதை இது. தமிழறிஞர் பலர் வெகுண்டனர். வெகுளிக்குக் காரணமும் உண்டு. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. தாளில் எழுதுவோன் கையும் முதலில் க எழுதிப் பின்னரே புள்ளி இடுகிறது. ஓலையில் எழுதினோர் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியையே விட்டுவிட்டனர் என்பர். ஒருங்குறி ஒலியின் பிறப்பைப் பின்பற்றவில்லை. எழுதும் கையைப் பின்பற்றியது. அதனை இலக்கணப் பிழை என்பதினும் வேறொரு நெறி என்பதே பொருந்தும்.

தமிழின் எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் எழுந்தது. 2010ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, தமிழ்நாட்டரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒருங்குறியே பொதுத் தரம். அது செல்லாத இடத்தில் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம் எனப்படும் 16 துகள் முறை மாற்றாக நிற்கும் என்பது அதன் சாரம். இம்முறையில் மெய்யையும் உயிரையும் கூட்டல் கணக்காகவே கூட்டி உயிர்மெய் காணலாம்; அழகான அமைப்பு. ஆனால் அதன் எண்கள் தனியார் பயன்பாட்டுக்கென ஒருங்குறி ஒதுக்கிவைத்த பகுதியில் அமைந்தவை. அவ்வெண்களுக்குப் பிற நாட்டுப் பொறிகள் தமிழ் என்று பொருள் கொள்ளா. ஒருமுறை எண் பெற்ற குறியை இடம் மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது ஒருங்குறி மன்றத்தின் உறுதியான கொள்கை. ஆகவே இருக்கும் அமைப்பை வைத்துக்கொண்டே வேலை செய்தாக வேண்டும்.

அகரவரிசையும் ஔகாரமும்

நாள்தோறும் ஆசிரியர்க்கு இடர் தருவன இரண்டு. முதலாவது அகரவரிசை. எண்ணின் ஏறுமுகத்தையே வரிசை என்று பொறி கொண்டால், னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும். றகரம் ரகரத்தின் பின் நிற்கும். ழகரம் வகரத்தை முந்தும். புள்ளியின் எண் உயிர்க்குறிகள் அனைத்தின் எண்ணினும் பெரிது. ஆதலின் 'பகை' முன்னும் 'பக்கம்' பின்னுமாக அமையும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முதலியவற்றில் மெய்யெழுத்தே முன் வரும் என்பதை அறிந்தோர் இவ்வரிசையைக் கண்டு திகைப்பர். திருத்தும் விதிகள் ஒருங்குறியிலேயே உள்ளன. அவ்விதிகளைக் கையாளாத மென்பொருள்களே இத்தொல்லைக்குக் காரணம்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் பொறிக்கு வேறாகவும் தோன்றும் எழுத்துகள். ஔ என்பது ஓர் எண். அதனை ஒகரம், ளகரம் என இரண்டாகத் தட்டச்சு செய்வோர் மிகப் பலர். அச்சில் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் 'ஔவையார்' என்று தேடுவோர்க்கு அவ்வாறு பிழையாக எழுதப்பட்ட பக்கம் அகப்படாது. கொ என்பதையும் ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாலும் எழுதலாம். இவ்விரண்டும் நிகர் என்று ஒருங்குறி விதித்துள்ளமையால் நல்ல தேடுபொறி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ஔகாரப் பிழைக்கு அத்தகைய விதி இல்லை. அது எழுதுவோர் பிழையே. கரும்பலகையில் இது பிழையன்று, விசைப்பலகையில் பிழை. தட்டச்சுக் கற்பிக்கும் வகுப்பில் முதல் நாளே சொல்லவேண்டிய செய்தி இது.

பதினைந்து எண்ணின் சுமை

எண் வழங்கியதோடு கதை முடியவில்லை. 2965 போன்ற பெரிய எண்ணைக் கணினி எட்டுத் துகள் கொண்ட பைட்டு என்னும் சிறு பெட்டிகளில் வைக்கவேண்டும். இதற்கு இன்று பெரிதும் வழங்கும் முறையை 1992இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்தனர். அதன்படி ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பெட்டி போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி வேண்டும். 'தமிழ்' என்பதற்குப் பதினைந்து பெட்டிகள். அவற்றுள் முதற்பெட்டி எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதே எழுத்தை வேறுபடுத்திக் காட்டுவது. மூன்றில் இரண்டு பங்கு வெறும் தலைப்புச் சுமை.

கைப்பேசிக் குறுஞ்செய்தியில் இச்சுமையைப் பலரும் உணர்ந்திருப்பர். ஒரு செய்தியில் அடங்குவது 140 பைட்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம். தமிழுக்குப் பொதுவழக்கில் 70 குறியே. அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு.

செயற்கை நுண்ணறிவுப் பொறிகளில் இக்கணக்கு புதிய வடிவு எடுத்துள்ளது. அப்பொறிகள் எழுத்தெழுத்தாகவும் படிப்பதில்லை. சொல் சொல்லாகவும் படிப்பதில்லை. உரையைத் துணுக்குகளாக வெட்டிக்கொண்டு படிக்கின்றன. வெட்டும் முறை 1994இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக பிலிப் கேஜ் என்பவர் வெளியிட்டது. 2016 அளவில் பொறிவழி மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவரப்பட்டது. முறை மிக எளிது. பெருந்தொகையான நூல்களையும் பக்கங்களையும் பொறிக்குள் செலுத்துவர். அடுத்தடுத்து வரும் இரு குறிகளுள் மிகுதியாக வரும் இணை எதுவோ அதனை ஒன்றாக ஒட்டி ஒரு துணுக்காக்குவர். பின் அடுத்த இணை. மீண்டும் அடுத்த இணை. பட்டியல் நிரம்பும்வரை இது தொடரும். செலுத்திய உரையில் ஆங்கிலம் மலைபோலவும் தமிழ் கடுகுபோலவும் இருந்தால், ஒட்டப்படும் இணைகள் பெரும்பாலும் ஆங்கிலமாகவே அமையும். ஆங்கிலச் சொல் முழுதாக ஒரு துணுக்காகும். தமிழ்ச்சொல் எழுத்துக்கும் கீழே பெட்டி பெட்டியாகச் சிதறும்.

சிதறினால் என்ன? இச்சேவைகளை நிறுவனங்களுக்கு விற்போர் துணுக்குக்கு இவ்வளவு என்றே கட்டணம் கொள்கின்றனர். பொறி ஒரே வேளையில் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவும் துணுக்குக் கணக்கே. ஒரே செய்தியைச் சொல்லத் தமிழுக்கு நான்கு மடங்கு துணுக்கு வேண்டுமாயின், தமிழில் பாடத்துணைப் பொறி செய்ய விரும்புவோர் நான்கு மடங்கு செலவிட வேண்டும். பொறியும் நான்கில் ஒரு பங்கு பாடத்தையே நினைவில் கொள்ளும். ஒரே உரைக்கு மொழிக்கு மொழி பதினைந்து மடங்குவரை வேறுபாடு உண்டு என்று 2023இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் காட்டினர். 2024 மே திங்களில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் துணுக்குப் பட்டியை ஏறத்தாழ ஓர் இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாகப் பெருக்கியபோது சில கணக்குகளை வெளியிட்டது. ஒரே வாழ்த்துரைக்கு ஆங்கிலத்தில் முன்பு 27 துணுக்கு, பின்பு 24. தமிழில் முன்பு 116, பின்பு 35. முன்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்த சுமை ஒன்றரை மடங்கு அளவுக்கு இறங்கியது. எழுத்து மாறவில்லை, ஒருங்குறி மாறவில்லை, பட்டியல் ஒன்றே மாறியது. இச்சுமை எழுத்தின் விதியன்று, பட்டியல் இடுவோரின் தேர்வு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சிங்கப்பூர் 2023 டிசம்பரில் தென்கிழக்காசிய மொழிகளுக்கென 7 கோடி வெள்ளித் திட்டம் ஒன்றை அறிவித்தது. அவ்வேளையில் வெளிவந்த சீ-லயன் என்னும் மொழி மாதிரி 11 மொழிகளைக் கொண்டது. தமிழும் மலாயும் அவற்றுள் அடங்கும். அதன் முதற்பதிப்புக்கு 2,56,000 துணுக்கு கொண்ட தனிப்பட்டியே வகுத்தனர். பின்வந்த பதிப்புகள் அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியிட்ட மாதிரிகளின்மேல் கட்டப்பட்டன. பட்டியும் அவ்வம்மாதிரியின் பட்டியாகவே ஆயிற்று. செலவையும் காலத்தையும் நோக்கின் இதனைக் குறைகூற முடியாது. எனினும் தமிழை வெட்டும் கத்தி பிறர் கையில் இருக்கிறது என்பது உண்மை.

அக்கத்தி வெட்டும் இடம் இலக்கண ஆசிரியர்க்குச் சுவையான செய்தி. நன்னூல் பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரிக்கும். பொறியோ எது மிகுதியாக வருகிறதோ அதை வைத்துப் பிரிக்கும். இவ்விரண்டும் ஒத்துவருவது அரிது. 'நடந்தான்' என்பதில் த் இடைநிலை, ஆன் விகுதி. ஒருங்குறியில் அவ்விடைநிலை புள்ளியுள்ள மெய்யாக இல்லை, தகரமாக நிற்கிறது. விகுதியின் ஆகாரம் வெறுங்காலாக நிற்கிறது. தனித்து நிற்கும் ஆகாரத்துக்கும் இக்காலுக்கும் எண் வேறு. 'நடந்த' என்னும் பெயரெச்சத்தில் நிலை இன்னும் விந்தையானது. அங்கே விகுதி அகரம். அந்த அகரத்துக்கு ஒருங்குறியில் எண்ணே இல்லை. தகரத்தின் தலையில் புள்ளி இல்லாமையே அதன் அடையாளம். சொல்லை முதலில் மெய்யும் உயிருமாகப் பிரித்து, பகுபத உறுப்புக் கண்டு, அதன் பின்னரே பொறிக்குக் கொடுத்தால் இவ்விகுதி வெளிப்படும். அவ்வாறு பிரிக்கும் விதிகளைப் பொறிக்கு எழுதித்தர, பகுபத உறுப்பிலக்கணம் கற்பித்துப் பழகியோர் தேவைப்படுவர்.