கேட்கும் செவிகள்

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வினவுதல் ஒன்று, செவிகொடுத்தல் மற்றொன்று. மாணவர் ஆசிரியரிடம் ஐயம் கேட்கின்றனர். அவர் கூறும் விளக்கத்தையும் கேட்கின்றனர். இவ்விரு செயல்களையும் ஒருங்கே செய்து பிறர் துயர் களையும் பணி மனநல ஆலோசனை ஆகும். அப்பணி பெரியோர்க்கும் பள்ளி மாணவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதைப் பலர் அறியார்.

உடல் நோவும்போது மருத்துவரை நாடுவதற்கு எவரும் நாணுவதில்லை. மனம் நோவும்போதோ பலர் வாய் திறப்பதில்லை. ஆலோசகரிடம் சென்றால் அறிவுரை மழை பொழிவார் என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையில், ஆலோசகர் முதலில் குறுக்கிடாமல் கேட்பார். பின்னர், "உறக்கம் எப்படி இருக்கிறது? இக்கலக்கம் எப்போது தொடங்கியது? இதனை வேறு எவரிடமேனும் சொன்னதுண்டா?" எனச் சிறு வினாக்களை எழுப்புவார். விடை சொல்லச் சொல்ல, மலைபோல் தோன்றிய துயரம் சிறு சிறு கூறுகளாகப் பிரியும். இன்று செய்யத்தக்கது எது, பொறுத்திருக்க வேண்டியது எது என்பது பேசுபவருக்கே புலப்படும். மருந்து தேவைப்படும் நிலையாயின், ஆலோசகர் மனநல மருத்துவரிடம் செல்லுமாறு வழிகாட்டுவார்.

பேசியவை வெளியே செல்லா என்பது இப்பணியின் அடிப்படை நெறி. ஆயினும், ஒருவரின் உயிருக்கு ஆபத்து நேரும் என்று தெரிந்தாலோ, குழந்தைக்கு எவரேனும் தீங்கு இழைப்பது தெரியவந்தாலோ, காப்பாற்றக்கூடியவரிடம் ஆலோசகர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். இதுவும் பேசுபவரின் நன்மைக்கே.

இத்தகைய உதவியைப் பெறுவதில் வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனி இடர் ஒன்று உண்டு. அஃது மொழி. வங்கியிலும் மருத்துவமனையிலும் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே. முழங்கால் வலியைப் பேரன் வழியாகச் சொல்லிவிடலாம். ஊரையும் உறவையும் பிரிந்து, அண்டை வீட்டாரோடு பேச மொழியின்றி, நாள் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் இருக்கும் துயரத்தைப் பேரன் வழியாக எங்ஙனம் சொல்வது? பிள்ளை வருந்துவானே என்று அவர் அதனை விழுங்கிவிடுவார். மனம் விட்டுப் பேசுவதற்குத் தன் மொழி வேண்டும். இடையில் மற்றொருவர் இல்லாதிருக்கவும் வேண்டும்.

இக்குறையை நீக்கும் வகையில் அமைந்ததே இந்திய அரசின் 'டெலி மானஸ்' திட்டம். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, அதாவது உலக மனநல நாளன்று, இது தொடங்கப்பட்டது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இதன் தலைமை மையமாகச் செயல்படுகிறது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுள் தமக்கு உரியதைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.

மாணவர்க்கெனவும் தனிச் சேவைகள் உள்ளன. தேர்வுக் காலத்து அச்சத்தைப் போக்க, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இலவச ஆலோசனை வழங்கி வருகிறது. இன்னலுறும் குழந்தைகள் அழைப்பதற்கான 1098 என்னும் எண், 1996 ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய பணியின் வழியே நாடெங்கும் பரவியது. பத்து, ஒன்பது, எட்டு என எண்ணினால் அந்த எண் நினைவில் நின்றுவிடும்.

அரசு மட்டுமன்றித் தன்னார்வலர்களும் இத்தொண்டில் ஈடுபட்டுள்ளனர். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986 ஆம் ஆண்டு நிறுவிய 'சிநேகா' அமைப்பு, தற்கொலையைத் தடுக்கும் நோக்குடன் செயல்படுகிறது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அங்கே துயருற்றோர் சொல்வதைச் செவிமடுக்கின்றனர்.

இப்பணியில் மாணவர்க்கும் பங்கு உண்டு. வகுப்புத் தோழன் விளையாட்டை விட்டு ஒதுங்குகிறான்; உணவைத் தொடாமல் மூடிவைக்கிறான்; எதிலும் விருப்பமின்றி இருக்கிறான். அவனை நகைக்காமல் அருகில் அமர்ந்து கேட்டலே முதலுதவி. "வாழவே பிடிக்கவில்லை" என்று அவன் சொன்னால், அதனை மறைக்காமல் உடனே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவித்தல் கடமை. அது காட்டிக்கொடுத்தல் ஆகாது, காத்தல் ஆகும்.

வீட்டிலுள்ள பெரியோர்க்கும் மாணவர் உதவலாம். அதற்கு மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. அவர் இசைந்தால், 14416 ஐ அழைத்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, தொலைபேசியை அவர் கையில் கொடுத்தல் போதும். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு அப்பால் செல்லுதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. 'கேள்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் விளங்குமாறு இரு தொடர்கள் எழுதுக.
2. தோழன் சொன்னதை ஆசிரியரிடம் தெரிவிப்பது எப்போது கடமையாகிறது?
3. பெரியவரிடம் தொலைபேசியைக் கொடுத்தபின் அப்பால் செல்ல வேண்டும் என்பதன் காரணம் யாது?