மறைப்பதும் பூட்டுவதும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் இருப்பது எங்கள் ஊராகிய பனவடலிசத்திரம். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் இன்னதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சத்திரத்துத் திண்ணை வழிப்போக்கர் எவர் கண்ணுக்கும் தெரியும். உக்கிராண அறையோ பூட்டியிருக்கும். திண்ணையை மறைத்தால் சத்திரத்தால் பயனில்லை. உக்கிராணத்தைத் திறந்து போட்டால் சத்திரம் நடவாது. மின்னஞ்சல் குழுக்களுக்கும் இதே நியாயந்தான்.

பெரிய நிறுவனங்களில் ஊழியர் அனைவரும் கணிப்பொறியில் பார்க்கத்தக்க பொது முகவரிப் புத்தகம் ஒன்று உண்டு. "கணக்குப் பிரிவு", "ஊழியர் அனைவரும்" என்பன போன்ற குழுக்களின் பெயர்களும் அதில் இடம்பெறும். குழுவின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினால், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி போய்ச் சேரும்.

வசதி பெரிது, ஆபத்தும் சிறிதன்று. 1997 அக்டோபர் 14 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சுமார் 13,000 பேர் அடங்கிய குழு ஒன்றுக்கு, தம்மை அதிலிருந்து நீக்குமாறு ஒருவர் எழுதினார். தங்களையும் நீக்குமாறு பலர் குழு முழுவதற்கும் மறுமொழி எழுதவே, கடிதங்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாகப் பெருகி, அஞ்சல் அமைப்பு நிலைகுலைந்தது.

இத்தகைய தொல்லைக்கு அஞ்சிக் குழுவின் பெயரைப் புத்தகத்திலிருந்து மறைத்து விடுவோர் உண்டு. ஆனால் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. பெயர் மறைந்த பின்னும் முகவரி இயங்கிக்கொண்டே இருக்கும். அதனை அறிந்தவர் எழுதினால் கடிதம் போய்ச் சேரும். முன்பு எழுதியவரின் கணிப்பொறி அம்முகவரியைத் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் கூடும். இன்னார்தாம் எழுதலாம் என்று வரையறுப்பதே பூட்டு. ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கேள்விகள் வேண்டும்: பெயரை யார் காணலாம்? யார் எழுதலாம்? உறுப்பினர் இன்னார் என்பதை யார் அறியலாம்?

இதனை நான் கற்றது என் பிழையால். ஒரு நிறுவனத்தில் முகவரிப் புத்தகத்தைக் கவனிக்கும் பணியில் இருந்தபோது, கடிதத் தொல்லையைத் தவிர்க்க எண்ணி, குழுக்கள் அனைத்தையும் ஒருசேர மறைத்துவிட்டேன். அவற்றுள் உள்ளகப் புகார்க் குழுவும் ஒன்று. பணியிடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்மணி ஒருவர் அதைத் தேடியிருக்கிறார். பெயர் காணாமற் போகவே, அப்படியொரு குழுவே இல்லை என்று கருதி, இரண்டு திங்கள் வாய் திறவாதிருந்தார். செய்தி என் செவிக்கு எட்டிய நாளில் நான் அடைந்த வெட்கத்தை இன்றும் மறந்தேனில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இக்குழு இருத்தல் வேண்டும். அதை அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தலும் வேண்டும். அதே சட்டம், புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடலாகாது என்றும் தடுக்கிறது. புகார்க் குழுவின் பெயர் திண்ணை. விசாரணைக்கெனச் சாட்சிகளைச் சேர்த்துத் தற்காலிகக் குழு ஒன்று அமைத்தால், அது உக்கிராணம். அதன் பெயரை மறைப்பதோடு உறுப்பினர் பட்டியலையும் மறைத்து, எழுதும் உரிமையையும் வரையறுக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலரிடம் இத்தகைய புத்தகம் ஒப்படைக்கப்படலாம். ஒரு பெயரை மறைக்குமுன், அதைத் தேடி வரக்கூடியவர் யாரென்று எண்ணிப் பாருங்கள்.