இரு திரைகள்

கல்லிற் பொறித்த எழுத்து, நம் முன்னோர் நமக்கு வைத்துச்சென்ற செல்வமாகும். விழுப்புரம் மாவட்டத்தில் அச்செல்வம் மிகுதியாக உள்ளது. மண்டகப்பட்டிலே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அமைக்கப்பட்டதென அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியிலுள்ளது செஞ்சி. அதனை அடுத்த திருநாதர் குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்றதைக் குறிக்கும் பழங்கல்வெட்டு உண்டு.

இத்தகைய கல்வெட்டுகளின் மைப்படிகளைக் கணினித் திரையிற் கண்டு எழுத்துப்படி செய்வோர், மூலத்தையும் படியையும் மாறிமாறி நோக்குதல் வேண்டும். திரை ஒன்றேயாயின், ஒன்றை மறைத்தே மற்றொன்றைத் திறக்க நேரும். அந்த இடைவெளியில் நினைவு தவறும். ‘ஐம்பத்தேழு’ என்பதில் ‘ஏழு’ விடுபட்டால் 57 என்பது 50 ஆகிவிடும், வரலாறும் பிழைபடும். ஆதலின் இரு திரைகளை அருகருகே வைத்துக்கொள்ளுதல் நன்று.

அத்திரைகளைத் தேர்வது எங்ஙனம்? கடைகளில் ‘20 அங்குலம்’, ‘24 அங்குலம்’ எனக் கூறுவது அகலத்தையன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை செல்லும் மூலைவிட்டத்தையே ஆகும். அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதத்தையும் அறிந்தாலன்றித் திரையின் உருவம் விளங்காது. பழைய திரைகள் பலவற்றின் விகிதம் 4:3. அவ்விகிதமுடைய 20 அங்குலத் திரையின் அகலம் 16 அங்குலம்; உயரம் 12 அங்குலம். இதனைப் பிதகோரசு தேற்றத்தால் மாணவர் தாமே கணக்கிட்டுக் காணலாம். இன்று பெரும்பாலும் விற்கப்படும் திரைகளின் விகிதம் 16:9. இவ்வகையில் 24 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 20.9 அங்குலம்; உயரமோ 11.8 அங்குலமே. எண்ணிற் பெரிய திரை உயரத்திற் சிறிதாயிருத்தலைக் காண்க!

கல்வெட்டின் வரிகள் பெரும்பாலும் நீண்டு கிடப்பவை. அவற்றைக் காண 16:9 திரை ஏற்றது. எழுத்துப்படி செய்யும் தாளோ நெடியது. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். 24 அங்குல 16:9 திரையின் உயரம் 29.9 சென்டிமீட்டர். மேலும் கீழும் கட்டளைப் பட்டைகள் இடங்கொள்ளுதலால் தாள் முழு அளவில் அதனுள் அடங்காது. 16:10 விகிதமுடைய 24 அங்குலத் திரையோ 32.3 சென்டிமீட்டர் உயரமுடையது. எழுதும் பணிக்கு இதுவே சிறந்தது. திரையைச் செங்குத்தாகத் திருப்பியும் வைக்கலாம். ஆயின் உச்சியைக் காண அடிக்கடி கழுத்தை நிமிர்த்த நேரும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. திரையிற் காணும் உருவம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. 1920 புள்ளிகள் குறுக்கே அமைந்த 16:9 திரை 24 அங்குலமாயின், ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் அமையும். 27 அங்குலமாயின் 82 புள்ளிகளே அமையும். இவ்விரண்டையும் இணைத்தால், ஒரு திரையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் எழுத்துப் பருத்துத் தோன்றும். மாறிமாறி நோக்கும் கண் விரைவில் சோர்வுறும். ஆதலின் புள்ளிச் செறிவு ஏறக்குறைய ஒத்த திரைகளையே இணைத்தல் வேண்டும்.

மிகுதியாக நோக்கும் திரையை நேர் எதிரே, ஒரு கை நீளத் தொலைவில் வைத்தல் வேண்டும். மற்றதைப் பக்கத்திற் சற்றே சாய்த்து வைக்கலாம். மேல் விளிம்பு கண்மட்டத்தை விஞ்சாதிருத்தல் நலம்.

பெரியதே சிறந்ததென மயங்குதல் தகாது. செய்யும் பணியின் வடிவை முதலில் அறிந்து, அதற்கு ஏற்ற கருவியைத் தேர்வதே அறிவுடைமை. அங்ஙனம் தேர்ந்த இரு திரைகளுக்கு இடையே, கல்லில் நின்ற எழுத்துப் பிழையின்றி அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.